காவி பூசிய முகத்தோடு கண்டிக்குப் போன அக்கா

அக்கா!

உன்னை நான் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கிளினிக் கொப்பியில் ஒரு பெயர் இருந்தது, தோட்டத்துச் சம்பளச் செக்ரோலில் ஒரு பெயர் இருந்தது. எனக்கு நீ அக்கா மட்டும்தான். வேலை முடிந்து லயத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்குள் நுழையும்போது இன்றைக்கும் "அக்கா, தேத்தண்ணி இருக்கா?" என்று வாய் தன்பாட்டில் கேட்டுவிடுகிறது. கேட்ட பிறகுதான் நினைவு வருகிறது. அம்மா எழுந்துபோய்க் கேத்தலை அடுப்பில் வைக்கிறார்.

இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கந்தப்பளையில் ஒரு மரக்கறிக் கடையில் கரட் கழுவுகிறேன், லீக்ஸ் கட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் என் அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அப்பா இறந்த பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். இருபத்தைந்து வயதில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்க ஆரம்பித்தது. கன்னத்தில் வெயிலில் வெந்தது மாதிரி ஒரு சிவப்பு. கண்டியில் பெரிய டொக்டரிடம் காட்டியபோது லூபஸ் என்றார்கள். நோயோடு சண்டை போடுவதற்காக உடம்புக்குள் இருக்கிற சக்தி, ஆள் மாறி உடம்பையே அடிக்கிற வியாதி அது. அந்தச் சக்தியை அடக்கி வைக்க மாசா மாசம் கிளினிக், தினமும் மாத்திரைக் குளிசை.

அக்கா அதை எனக்குச் சொன்ன விதம் வேறு.

"நம்ம தோட்டத்து யூனியன்காரங்க மாதிரிடா. தொரைகிட்ட சண்ட போடச் சொன்னா, ஆளுக்காளு அடிச்சுக்கிறாங்க. அதான் அவங்கள தூங்க வைக்கக் குளிச."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இப்படித்தான், வருத்தமான எதையும் அவள் வருத்தமாகச் சொன்னதே இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

எங்கள் அப்பா வழியில் அக்கி எழுதுவார்கள். அக்கி என்றால், சின்ன வயதில் அம்மை போட்டவர்களுக்குப் பிற்காலத்தில் உடம்பில் ஒரு பக்கமாக மட்டும் கொப்புளம் கொப்புளமாக வந்து நெருப்பாக எரியுமே, அதுதான். காவிக்கல்லைத் தண்ணீரில் உரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி உருவம் எழுதுவோம். மூன்று நாள் காலையில் எழுதவேண்டும். அதுவரை முகம் கழுவக்கூடாது, குளிக்கக்கூடாது. அப்பா எழுதினார். அப்பாவுக்குப் பிறகு நான். பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் எங்கள் லயத்துக்கு ஆட்கள் வருவார்கள். படிப்பில்லாத எனக்கு அதில் ஒரு பெருமை. வயதானவர்கள்கூட என் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு உட்காருவார்கள் அல்லவா?

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், மழை பிடித்த ஒரு நாளில், அக்காவுக்கே அக்கி வந்தது. வலது நெற்றியில் தொடங்கிப் புருவத்தைத் தாண்டி, மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம்.

நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். நெற்றி முழுக்கச் சிங்கம், மூக்கில் அதன் வால். கண்ணாடியில் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்:

"சிங்கமாடா இது? நாய் மாதிரி இருக்கு."

"வலிக்குதுன்னு படுத்திருக்கிறவளுக்கு வாய் மட்டும் கொறையல."

"வாயில அக்கி வரலியே."

மூன்றாம் நாள் அவளுடைய வலது கண் சிவந்திருந்தது. நெற்றி சிவப்பு, இமை சிவப்பு, மூக்கு சிவப்பு, எல்லாம் நான் பூசிய காவி. அந்தச் சிவப்புக்குள் கண்ணின் சிவப்பு எனக்குத் தனியாகத் தெரியவில்லை. "காவி கண்ணுல பட்டுருச்சு" என்றேன். அம்மாவும் அதையேதான் சொன்னார். மலைப் பீலியில் வழிகிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கண்ணை மட்டும் துடைத்தேன். எரிச்சல் போகட்டும் என்று விட்டுவிட்டோம். மறுநாளும் சிவப்பாக இருக்கவே, சரியாக எழுதவில்லையோ என்று நினைத்து இன்னொரு தரம் எழுதினேன்.

கண் சிவந்து அப்படி ஏழு நாள் போனது. அந்த ஏழு நாளும் என் தலையில்தான்.

அதற்குள் அவள், வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்றாள். தொழிற்சாலைக்குள் தேயிலைத்தூள் பறப்பது மாதிரி கண்ணுக்கு முன்னால் ஏதோ பறக்கிறது என்றாள். ஏழாம் நாள் காலை, பிறந்ததிலிருந்து நடந்த அதே வாசலில், வலது பக்கம் இருந்த தண்ணீர்க் கானுக்குள் கால் வைத்து விழுந்தாள். எழும்பி உட்கார்ந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, ஒன் மூஞ்சி தெரியுது. ஆனா சுத்தி ஒண்ணும் தெரியல. திரை போட்ட மாதிரி இருக்கு. கெளம்பு, கண்டிக்குப் போவோம்."

"முகத்த கழுவிட்டுப் போலாம்க்கா."

"கழுவுற நேரத்துக்குப் பஸ் போயிரும்."

காவி பூசிய முகத்தோடேயே அவள் பஸ் ஏறினாள். நுவரெலியாவில் மாறி ஏறியபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை பயந்து அழுதது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அக்கா அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிங்கம் மாதிரி உறுமிக் காட்டினாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. றம்பொடை வளைவுகள் முழுக்க அவள் என் தோளில் சாய்ந்து வந்தாள். வாந்தி எடுத்தாள், துடைத்துக்கொண்டாள், ஒரு முனகல் இல்லை.

கண் வார்டில் ஒரு பெண் டொக்டர். சிங்களம்தான் பேசுவார். எனக்குக் கரட் விலை பேசுகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அக்காவுக்கு நன்றாகத் தெரியும். டொக்டர் கண்ணில் மருந்து விட்டு, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைக் காட்டிக் கோபமாக ஏதோ கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். அந்த அளவு சிங்களம் எனக்கும் விளங்கியது. இதைப் பூசியது யார் என்று கேட்டார். நான்தான் பூசச் சொன்னேன் என்றாள். எத்தனை நாளாகக் கண் சிவப்பு என்று கேட்டார். ஏழு நாள் என்று உண்மையைச் சொன்னாள். நாளைக் குறைத்துச் சொல்லவில்லை. என் பெயரைத்தான் சொல்லவில்லை.

அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, டொக்டர் விளக்கியதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"சின்னதுல நமக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணா அம்மை போட்டுச்சு. ஒனக்கு ஞாபகம் இருக்காது, அப்ப நீ நாலு வயசு. அந்தக் கிருமி ஒடம்ப விட்டுப் போகவே இல்லையாம்டா. காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்கு வராத ஆளு மாதிரி நரம்புக்குள்ள ஒளிஞ்சு படுத்துருந்துச்சாம். என் குளிச காவக்காரங்கள தூங்க வச்சிருக்குல்ல? ஆள் இல்லைன்னு தெரிஞ்சதும் எழும்பிருச்சு."

"அதுதான் அக்கியா?"

"அதுதான் அக்கி. நெத்தியோட நிக்கல, உள்ள போயிருச்சு. கண்ணுக்குப் பின்னாடி ஒரு சுவர் இருக்காம், நாம பாக்கிற படமெல்லாம் அதுலதான் விழுமாம். விழித்திரை. அதுல தீ வச்சிருச்சு. இப்பத் தூங்குனவங்களும் முழிச்சிக்கிட்டாங்க. கிருமிய அடிக்கிறோம்னு போய் அந்தச் சுவரையே ஒடைக்கிறாங்க. தீ ஒரு பக்கம், அணைக்க வந்தவங்க ஒரு பக்கம்."

"அப்ப என்னா செய்வாங்க?"

"மொதல்ல கிருமிக்கு மருந்து. அது கொஞ்சம் அடங்குனதும்தான் சண்டக்காரங்கள அடக்குற மருந்து. மாத்திக் குடுத்தா கிருமிக்குக் கொண்டாட்டம்."

பிறகு வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கண்ணுல பெரும்பகுதி போயிருச்சாம் தம்பி. இனிமே அந்தக் கண்ணுக்குத் தாவாமப் பாக்கணுமாம். அதுதான் முக்கியம்னு சொன்னாங்க. இடது கண்ணு."

அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு எல்லாம் இடது கண்ணைப் பற்றித்தான். அது இருந்தால் அக்கா மலைக்குப் போவாள், சமைப்பாள், கிளினிக் கொப்பியை வாசிப்பாள். அது போனால்? 

இரண்டு கிழமைக்கு மேல் வார்டில் இருந்தாள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். லூபஸ் குளிசையில் ஒன்றை நிறுத்தினார்கள், மற்றதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று குறைத்துக் கொடுத்தார்கள். வலது கண்ணில் வெந்துபோன விழித்திரை பிறகு கழன்று விழுந்தது. ஆப்பரேஷன் செய்தார்கள். வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிகிற அளவோடு அந்தக் கண் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வரும்போது கிருமிக்கான குளிசையை ஒரு நாளைக்கு ஐந்து தரம் போடச் சொல்லி அனுப்பினார்கள். ஐந்து தரத்தையும் அக்கா தோட்டத்து நேரத்தோடு கட்டிவைத்தாள். காலைப் பெரட்டுக்கு ஒன்று, தேத்தண்ணிக்கு ஒன்று, பகல் கொழுந்து நிறுக்கும்போது ஒன்று, அந்தி நிறுவைக்கு ஒன்று, படுக்கும்போது ஒன்று. வேலைக்குப் போகாத நாட்களிலும் மலையில் நிறுவைச் சத்தம் கேட்டால் குளிசைப் போத்தலைத் திறப்பாள். ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. காலையில் எழும்பியதும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலின் கம்பி வலையை இடது கண்ணால் பார்ப்பாள். கோடு வளைந்திருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று. டொக்டர் ஒரு கட்டம் போட்ட தாள் கொடுத்திருந்தார். அது மழையில் நனைந்து போனதால் ஜன்னல்.

ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடாது. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். கொழுந்துக்கு நீட்டிய கை காற்றைக் கிள்ளியது. லயத்துக்குப் பின்னால் இருந்த நாலு தேயிலைச் செடியில் தினமும் கொழுந்து கிள்ளிப் பழகினாள். பார்த்த பெண்கள் "பாவம்" என்றார்கள். "பாவம் சொல்ல வந்தவங்க ஆளுக்கொரு நெரை கொழுந்து முடிச்சிட்டுப் போங்கடி" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காவிக்கல்லையும் இறகையும் எடுத்துக் கானில் எறிந்தேன். இனிமேல் யாருக்கும் எழுதமாட்டேன் என்று அம்மாமேல் சத்தியம் செய்தேன். அக்கா தடவித் தடவிப் போய்க் கல்லை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுத மாட்டியா?"

"மாட்டேன். ஒன் கண்ணத் தின்னது இந்தக் கல்லு."

"கல்லு திங்கல. கிருமி தின்னுச்சு. கல்லு நம்மள லேட்டாக்குச்சு. வெளங்குதா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ எழுதலன்னா சனம் என்னா செய்யும்? ஆஸ்பத்திரிக்கா ஓடும்? அடுத்த தோட்டத்துல எழுதுற ஆளத் தேடிப் போகும். அவருக்கு நமக்குத் தெரிஞ்சது தெரியுமா? அக்கி வந்தவன் மொதல்ல வர்றது நம்ம வாசலுக்குத்தான். அந்த வாசல நீ அடைக்கப் பாக்குற."

நான் கல்லைக் கையில் எடுத்தேன்.

"எழுது. ஆனா மொதல்ல ஆஸ்பத்திரித் துண்டு. டொக்டர் பாத்து மருந்து குடுத்தாங்கன்னு துண்டு கொண்டாந்தாத்தான் காவி. நெத்தியிலயும் மூக்குலயும் வந்தா அன்னைக்கே போவணும், மூக்கு நுனியில ஒரு பொட்டு இருந்தாலும் கண்ணு டொக்டர். மூஞ்சியில எழுதவே கூடாது. ஒடஞ்ச கொப்புளத்துலயும் வைக்கக்கூடாது."

அடுத்த கிளினிக்கில் இதை டொக்டரிடமும் சொல்லிவிட்டாள். டொக்டர், பூசுவதையே நிறுத்துங்கள் என்றாராம். அக்கா விடவில்லை. நிறுத்தினால் உங்களிடம் யாரும் வரமாட்டார்கள் நோனா, காவிக்காக வருகிறவனைத்தான் நான் உங்களிடம் அனுப்பமுடியும் என்றாளாம். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாராம். பிறகு ஒரு தாளில், அக்கி வந்து மூன்று நாளைக்குள் மருந்து தொடங்குவது நல்லது என்று சிங்களத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அக்கா அதன் கீழே தமிழில் எழுதி எங்கள் கதவில் ஒட்டினாள். ஆறாம் ஆண்டு வரை படித்தவள் எழுதிய எழுத்து. ஒரு பிழையும் இல்லை.

மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் எல்லை தாண்டிப் போய் வெளியில் இராத்தங்கக்கூடாது. மீறினால் அம்மை வரும் என்பார்கள். அம்மையே அம்மனுடைய காரியம்தானே. காப்புக் கட்டிய மறுநாள் காலையில் அக்கா ஜன்னல் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

"தம்பி, இங்க வா. அந்த வலையில, மேல் மூலையில ஏதும் ஒட்டியிருக்கா?"

"இல்லையேக்கா."

"அப்ப என் கண்ணுலதான் இருக்கு."

இடது கண்.

நான் பையை எடுத்தேன். அவள் சேலையை மாற்றிக்கொண்டிருந்தாள். கோயில் பக்கமாகப் போனால்தான் பஸ் ரோடு. கோயில் கமிட்டித் தலைவராக இருந்த கங்காணி மாமா எங்களை மறித்தார். மலையில் ஆட்களை மேய்க்கிற குரல், அதைக் கோயிலிலும் குறைக்கமாட்டார்.

"ஏய், பைய தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? காப்புக் கட்டியாச்சு, தெரியாதா?"

"கண்டிக்கு மாமா. கண்ணுக்கு."

"மூணு நாள் பொறுத்தா கண்ணு ஓடிறுமா? அம்மன் எறங்கி வந்திருக்கிற நேரத்துல தோட்டத்த விட்டுப் போனா, தோட்டத்துக்கே ஆகாது. ஏற்கனவே ஒரு கண்ண எடுத்துருக்கா, வெளயாடாத."

 நான் பின்னால் இழுத்தேன், உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அம்மனுக்குப் பயம். அக்கா கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்மா கோயிலுக்குள்ள மட்டுமா மாமா இருக்கா? எங்கூடப் பஸ்ல வருவா. சீட்டு கெடைக்காட்டியும் நின்னுக்கிட்டு வருவா. நீங்க வழிய விடுங்க."

அவர் வழிவிட்டார். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் குரலில் கோபமே இல்லை, அதனாலாக இருக்கலாம்.

டொக்டர் இடது கண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு. தொடக்கம். அன்றைக்கே கண்ணுக்குள் ஊசி, மறுபடி நரம்பு மருந்து. மூன்று நாள் கழித்து வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கினார். அக்கா சிரித்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்திவிட்டாளாம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும் நோனா, ஒரு கண்ணில் படித்துவிட்டேன் என்றாளாம்.

திட்டு பரவவில்லை. மெல்ல மெல்ல வடுவாகிக் காய்ந்தது. பார்வை நின்றது. கடைசியில் எழுத்துப் பலகையைப் படிக்கவைத்தபோது, மிகச் சின்ன வரிக்கு ஒரு வரி மேலே வரை படித்தாள். டொக்டர் வார்டில் இருந்த, டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த நோயாளி வியாதியைத் தானே கண்டுபிடித்துத் தன் கண்ணைக் காப்பாற்றியவர் என்று சொன்னார். வெள்ளைக் கோட்டுப் போட்ட பத்துப் பிள்ளைகள் என் அக்காவைச் சுற்றி நின்று கொப்பியில் எழுதினார்கள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். படித்தவர்கள் எங்கள் வீட்டு ஆள் சொல்வதை எழுதிக்கொண்டதை நான் அதுவரை கண்டதில்லை. 

அக்கா மலைக்குத் திரும்பினாள். சில மாதம் கழித்து ஒரு நாள் பின்னேரம் கங்காணி மாமா எங்கள் முன்வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றார். தலையில் துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

"தம்பி, காவிய எடு."

துண்டை விலக்கினார். இடது நெற்றி முழுக்க அக்கி. அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"மூக்கக் காட்டுங்க மாமா."

"என்னா, மூக்குத்தி குத்தவா வந்தேன்?"

"குத்துனா அழகாத்தான் இருக்கும். காட்டுங்க."

மூக்கின் நுனியில் ஒரு பொட்டு. 

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே."

"எனக்கு வழி சொல்றியா நீ? ஒங்கப்பன் இருந்தா இந்நேரம் எழுதி முடிச்சிருப்பான்."

"அப்பா இருந்தா அவரையும் அனுப்பியிருப்பேன்" என்றாள் அக்கா. தன் வலது கண்ணை விரலால் அகலத் திறந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "நல்லாப் பாருங்க. இது காவி வச்சிக்கிட்டு ஏழு நாள் பொறுத்த கண்ணு." பிறகு மற்றதைத் தொட்டாள். "இது நீங்க வழி விட்ட அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன கண்ணு. எது வேணும் மாமா?"

அவர் துண்டை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் திரீவீலைக் கூப்பிட்டேன். நானே கூடப் போனேன். அன்றைக்கே மருந்து தொடங்கினார்கள். கண்ணுக்குள் போகவில்லை. ஒரு கிழமை கழித்து ஆஸ்பத்திரித் துண்டை நீட்டிக்கொண்டு வந்தார். சொன்ன சொல் மாறாமல் எழுதினேன், நெற்றியில் இல்லை, சடங்குக்காகத் தோளில் ஒரு சின்னச் சிங்கம். குணமான பிறகு பெரட்டுக்களத்தில் எல்லாரிடமும் சொன்னார்:

"காவிதான் கேட்டுச்சு. அவன் கை ராசி."

எனக்குக் கோபம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமா மாமா, காவிதான்" என்றாள் அவரிடம். என்னிடம் திரும்பி, "கண்ணு இருக்குல்ல? எது கேட்டா ஒனக்கென்னா?"

அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது. இன்னும் வரவில்லை.

அக்காவைக் கொண்டுபோனது கண் வியாதி இல்லை. இந்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்து சளி நெஞ்சில் இறங்கியது. காவல் குறைந்த உடம்பு, தாங்கவில்லை. ஐந்து நாள் வார்டில் இருந்தாள். நான்காம் நாள் நான் கடையிலிருந்து அப்படியே ஓடினேன். வார்டின் அந்தக் கோடியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். நான் கதவில் நுழைந்ததும் கையைத் தூக்கினாள். கிட்டப் போய்க் குனிந்தேன்.

"சட்டைப் பொத்தான மாத்திப் போட்டுருக்க" என்றாள். "அங்கேருந்தே தெரியுது."

வார்டின் மறு கோடியில் இருந்து, ஒற்றைக் கண்ணால். பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை போய்விட்டாள். அந்தக் கண் கடைசி வரைக்கும் அவளுக்கு இருந்தது. நாங்கள் காப்பாற்றவில்லை, அவள் காப்பாற்றினாள்.

கங்காணி மாமா பாடைக்குத் தோள் கொடுத்தார்.  வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்னிடம், "கதவுல ஒட்டியிருக்கிற தாள் கிழியப் போவுது, பொலித்தீன் போடு" என்று மட்டும் சொன்னார். போட்டிருக்கிறேன்.

அவள் போன பிறகு மூன்று பேர் அக்கிக்கு வந்தார்கள். மூன்று பேரையும் துண்டுக்கு அனுப்பினேன். ஒருவர் என்னைத் திட்டினார். திட்டட்டும். அவள் மாதிரிச் சிரித்துப் பேச எனக்கு இன்னும் வரவில்லை, கெஞ்சித்தான் அனுப்புகிறேன்.

இதை வாசிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும் சரி. கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு சூடம் கொளுத்தும்போது, சேர்ச்சுக்குப் போகிறவர்கள் முழங்காலிடும்போது, பள்ளிவாசலுக்கோ பௌத்தப் பன்சலைக்கோ போகிறவர்கள் உங்கள் முறைப்படி, என் அக்காவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பெயர் உங்களுக்குத் தெரியவேண்டாம். ஒரு கண்ணோடு கொழுந்தெடுத்த அக்கா என்று சொன்னால் மேலே விளங்கிக்கொள்வார்கள். அவளுடைய உடம்புக்குள் நடந்த சண்டையெல்லாம் முடிந்து அவள் அமைதியாக இருக்கவேண்டும் என்று எல்லாரும் அவளுக்காகக் கும்பிடுங்கள்.